தேடல் வினவல்களின் வழுநீக்கமும் பாதுகாப்பும்: வலைச் செயலி உருவாக்குவோருக்கான முழுமையான வழிகாட்டி

தேடல் பெட்டியில் ஓ'பிரையன் என்று ஒருவர் தட்டுகிறார். பக்கம் வெறுமையாக வருகிறது, அல்லது தொடரியல் பிழை என்றொரு செய்தி வருகிறது. இதைச் சில்லறை வழுவாக எண்ணி, உள்ளீட்டிலிருந்து ஒற்றை மேற்கோள்குறியை நீக்கும் ஒரு வரியைச் சேர்த்துவிட்டு அடுத்த வேலைக்குப் போகும் நிரலாளர்கள் ஏராளம். ஆனால் பயனர் தட்டிய எழுத்து, தேடவேண்டிய தரவாக நில்லாமல், தரவுத்தளத்துக்கு நாம் இடும் கட்டளையின் பகுதியாகப் படிக்கப்பட்டுவிட்டது என்பதையே அந்தப் பிழை தெரிவிக்கிறது. பெயரில் மேற்கோள்குறி உள்ளவருக்குத் தேடல் முறிகிறது என்றால், அதே இடத்தில் இன்னொருவர் அந்தக் கட்டளையைத் தம் விருப்பப்படி நீட்டி எழுதவும் முடியும். ஆகவே வழுநீக்கத்தையும் பாதுகாப்பையும் இரண்டு தனி வேலைகளாகப் பிரிக்காமல், ஒரே வரிசையில் செய்யும் முறையை இங்கே விளக்குகிறேன்.

எடுத்துக்காட்டுக்காக, பல நிறுவனங்கள் தத்தம் ஆவணங்களைச் சேமித்துத் தேடும் ஒரு செயலியை வைத்துக்கொள்வோம். ஆவண அட்டவணையில் தலைப்பு, உள்ளடக்கம், நிறுவன எண், உருவாக்கிய நாள் ஆகிய புலங்கள் இருக்கின்றன. பிஎச்பி நிரல்மொழி, மைஎஸ்கியூஎல் தரவுத்தளம் இரண்டையும் முன்னிறுத்தி எழுதுகிறேன். மற்றொரு தரவுத்தளமான போஸ்ட்கிரெஸ்கியூஎல் வேறுபடும் இடங்களைக் குறிப்பிடுகிறேன். வேறு மொழியில் எழுதுவோருக்கும் படிகள் இவையே.

1. தரவுத்தளத்துக்குப் போய்ச் சேரும் வினவலைக் கண்ணால் பாருங்கள்

நிரலில் எழுதியிருக்கும் வினவலும், தரவுத்தளம் பெற்றுக்கொள்ளும் வினவலும் ஒன்றே என்று நம்பிக்கொண்டு குறியீட்டை வரி வரியாக வாசிப்பதில்தான் பெரும்பாலான நேரம் வீணாகிறது. முதல் வேலையாக, உருவாக்கக் கணினியில் வந்து சேரும் எல்லா வினவல்களையும் பதியும் மைஎஸ்கியூஎல்லின் ஜெனரல் லாகை இயக்குங்கள். போஸ்ட்கிரெஸ்கியூஎல்லில் எல்லா ஸ்டேட்மென்ட்களையும் (கட்டளைகளையும்) லாகில் எழுதும் அமைப்பை இயக்குங்கள். வந்து சேர்ந்த வினவலை அப்படியே எடுத்து, தரவுத்தளக் கிளையண்டில் தனியாக ஓட்டிப் பாருங்கள். அங்கே சரியான வரிசைகள் (அட்டவணையின் பதிவுகள்) வந்தால், சிக்கல் முடிவைக் காட்டும் பகுதியில் இருக்கிறது. அங்கேயும் வரவில்லை என்றால், வினவலிலோ தரவிலோ இருக்கிறது. இந்த ஒரு பிரிப்பு பாதி வேலையை முடித்துவிடும். பொதுப் பயன்பாட்டில் உள்ள சர்வரில் மட்டும் இந்த லாகை நிரந்தரமாக ஓடவிடாதீர்கள். அது வட்டை நிரப்புவதோடு, பயனர்கள் தேடிய தனிப்பட்ட விவரங்களையும் சாதாரணக் கோப்பில் எழுதி வைத்துவிடும்.

இதற்கு முன்பே சரிபார்க்க வேண்டிய ஒன்று உண்டு. பிஎச்பி 8.0 வரும்வரை, தரவுத்தளத்துடன் பேச உதவும் பிடிஓ நூலகம் பிழை நேர்ந்தால் சத்தமின்றிப் பொய் மதிப்பைத் திருப்பித் தருவதையே இயல்பு நிலையாக வைத்திருந்தது, 8.0 முதல்தான் எக்ஸெப்ஷன் எழுப்புவது (நிரலை நிறுத்திப் பிழையை அறிவிப்பது) இயல்பானது. மைஎஸ்கியூஎல்ஐ நீட்சிக்கு அது 8.1 பதிப்பில் வந்தது. பழைய திட்டங்களில், வினவல் தோற்றுப்போன நிலையும் பொருத்தமான வரிசை ஏதும் இல்லாத நிலையும் ஒரே மாதிரி ‘முடிவுகள் இல்லை’ என்று காட்டப்படுவதற்கு இதுவே காரணம். பிழை முறையை எக்ஸெப்ஷன் என்று வெளிப்படையாக அமைத்துவிட்டு, பிறகு தேடுங்கள். 2015இல் வெளியான பிஎச்பி 7.0இலேயே நீக்கப்பட்ட பழைய மைஎஸ்கியூஎல் செயற்கூறுகளை இன்னும் நம்பியிருக்கும் நிரல் என்றால், அதை ஒட்டுப்போடாமல் மாற்றி எழுதுவதே குறைந்த செலவு.

2. கட்டளையையும் தரவையும் பிரித்து அனுப்புங்கள்

எஸ்கியூஎல் இன்ஜெக்‌ஷன் (தரவுத்தளங்களின் கட்டளை மொழியான எஸ்கியூஎல்லில் அயல் கட்டளையைத் திணிப்பது) புதிய கண்டுபிடிப்பு அன்று. 1998 டிசம்பரில் வெளியான ஃபிராக் மின்னிதழின் 54ஆம் இதழிலேயே இந்த வகைத் தாக்குதல் விவரிக்கப்பட்டிருக்கிறது. வலைப் பாதுகாப்புக்கான ஓவாஸ்ப் அமைப்பின் முதல் பத்து அபாயங்கள் பட்டியலில் இன்ஜெக்‌ஷன் வகை 2010, 2013, 2017 ஆகிய மூன்று பதிப்புகளிலும் முதலிடத்தில் நின்றது. 2021இல் மூன்றாம் இடத்துக்கு வந்தது. தீர்வும் அதே அளவு பழையது. வினவலின் வடிவத்தை முதலில் அனுப்பி, மதிப்பு வரவேண்டிய இடங்களில் கேள்விக்குறியையோ பெயரிட்ட பிளேஸ்ஹோல்டரையோ (இடம்பிடிக்கும் குறியையோ) வைத்து, பயனரின் சொற்களைப் பிறகு தனியே பிணைத்து அனுப்ப வேண்டும். வடிவம் முன்பே பகுக்கப்பட்டுவிடுவதால், பின்னால் வரும் மேற்கோள்குறி வெறும் மேற்கோள்குறியாகவே நிற்கும்.

உள்ளீட்டில் பின்சாய்வுக்கோடு சேர்த்து மேற்கோள்குறியை முடக்குவது இதற்கு மாற்று ஆகாது. சீன எழுத்துகளுக்கான ஜிபிகே போன்ற பல்பைட் எழுத்துக் குறியாக்கங்களில், சேர்க்கப்பட்ட பின்சாய்வுக்கோட்டின் பைட், தனக்கு முந்தைய பைட்டுடன் சேர்ந்து வேறொரு எழுத்தாகிவிடும். மேற்கோள்குறி மட்டும் விடுதலையாகி நிற்கும். இணைப்பின் எழுத்துக் குறியாக்கத்தை அறியாமல் செய்யும் எந்த முடக்கமும் இப்படித்தான் ஏமாற்றும்.

பிரித்து அனுப்பத் தொடங்கியவுடன் சில புதிய பிழைகள் முளைக்கும். அவற்றில் மிகச் சாதாரணமானது, பிளேஸ்ஹோல்டரை மேற்கோளுக்குள் வைப்பது. வடிவம் பொருத்தித் தேடும் ‘லைக்’ பகுதியில் '%?%' என்று எழுதினால், உள்ளே இருப்பது கேள்விக்குறி என்ற எழுத்து மட்டுமே. பிடிஓ அதைப் பிளேஸ்ஹோல்டராக எண்ணாது, அளவுருக்களின் எண்ணிக்கை பொருந்தவில்லை என்று எச்ஒய்093 பிழையை எழுப்பும். வினவலில் வெறும் கேள்விக்குறியை விட்டுவிட்டு, விழுக்காட்டுக் குறிகளைப் பிணைக்கும் மதிப்பின் இருபுறமும் சேர்க்க வேண்டும்.

இரண்டாவது வகைப் பிழை, பிடிஓவின் எமுலேஷன் அமைப்பிலிருந்து வருகிறது. மைஎஸ்கியூஎல்லுடன் பேசும்போது பிடிஓ இயல்பாகவே பிரித்து அனுப்புவதில்லை. மதிப்புகளைத் தானே முடக்கி வினவலில் செருகி ஒரே சரமாக (எழுத்துத் தொடராக) அனுப்புகிறது. எல்லா மதிப்புகளையும் ஓர் அரேயாக (ஒரே பட்டியலாக) கொடுத்தால் அவை சரங்களாகக் கருதப்பட்டு, முடிவுகளின் எண்ணிக்கையை வரம்பிடும் ‘லிமிட்’ பகுதியில் 10 என்ற எண்ணே மேற்கோளுக்குள் போய்த் தொடரியல் பிழை வரும். எமுலேஷனை அணைப்பதையே நான் பரிந்துரைப்பேன். ஆனால் அணைத்தபின், தலைப்பிலும் உள்ளடக்கத்திலும் ஒரே சொல்லைத் தேட ஒரே பெயருள்ள பிளேஸ்ஹோல்டரை இருமுறை பயன்படுத்தியிருந்தால் அது முறியும். இரண்டுக்கும் இரண்டு பெயர்கள் கொடுக்க வேண்டும்.

ஃபிரேம்வொர்க்கோ (ஆயத்த நிரல் சட்டகமோ), வினவலைத் தானே எழுதும் ஓஆர்எம் நூலகமோ இருப்பதால் கவலையில்லை என்று நினைப்பவர்கள் 2014 அக்டோபர் 15ஐ நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். அன்று அறிவிக்கப்பட்ட சிவிஇ-2014-3704 என்ற ஓட்டை, வலைத்தளங்களை உருவாக்கும் மென்பொருளான ட்ரூபல் 7இன் தரவுத்தள அடுக்கிலேயே, அதாவது இன்ஜெக்‌ஷனைத் தடுப்பதற்கென்றே எழுதப்பட்ட பகுதியிலேயே இருந்தது. பல மதிப்புகளில் ஒன்று பொருந்தினால் போதும் என்னும் ‘இன்’ பட்டியலுக்காக ஓர் அரே கொடுக்கப்பட்டால் அந்த அடுக்கு ஒவ்வோர் உறுப்புக்கும் ஒரு பிளேஸ்ஹோல்டரை உருவாக்கியது. மதிப்புகளைச் சரியாகப் பிணைத்தது. ஆனால் பிளேஸ்ஹோல்டரின் பெயரை அரேயின் சாவியிலிருந்து (உறுப்புக்கு இடப்படும் பெயரிலிருந்து) எடுத்தது. படிவத்திலிருந்து வரும் அரேயின் சாவியை அனுப்புபவர்தானே தீர்மானிக்கிறார்! 7.32 பதிப்பு இதைச் சரிசெய்தது. இரண்டு வாரங்களுக்குப் பின், அறிவிப்பு வெளியான ஏழு மணி நேரத்துக்குள் புதுப்பிக்கப்படாத தளங்கள் யாவும் ஊடுருவப்பட்டதாகவே கருதுமாறு ட்ரூபலின் பாதுகாப்புக் குழு எச்சரித்தது.

ஆகவே ‘இன்’ பட்டியல் கட்டும்போது, மதிப்புகளின் எண்ணிக்கைக்கு ஏற்பக் கேள்விக்குறிகளை நீங்களே உருவாக்குங்கள். சாவிகளைத் தூக்கி எறிந்துவிட்டு மதிப்புகளை மட்டும் எடுங்கள். பட்டியல் காலியாக இருந்தால் வினவலையே அனுப்பாதீர்கள். காலி அடைப்புக்குறி மைஎஸ்கியூஎல்லிலும் போஸ்ட்கிரெஸ்கியூஎல்லிலும் தொடரியல் பிழை.

தரவுத்தளத்திலிருந்து திரும்பி வரும் சொல்லையும் நம்பக் கூடாது. பயனர் தம் தேடலைச் சேமித்து வைக்கும் வசதி இருந்தால், சேமிக்கும்போது பாதுகாப்பாகப் பிணைத்து உள்ளே வைத்த சொல்லை, மறுநாள் மின்னஞ்சல் அறிக்கை தயாரிக்கும் நிரல் எடுத்து வினவலில் நேரடியாக ஒட்டும்போது, முதல் நாள் செய்த காப்பு முழுவதும் வீணாகிறது.

3. பிணைக்க முடியாதவற்றுக்கு அனுமதிப் பட்டியல்

புலத்தின் பெயர், அட்டவணையின் பெயர், ஏறுவரிசையா இறங்குவரிசையா என்ற சொல் ஆகியவற்றைப் பிளேஸ்ஹோல்டர் ஏற்காது. வரிசைப்படுத்தும் புலத்தைப் பிணைத்துப் பார்த்தால் மைஎஸ்கியூஎல் பிழை எதுவும் சொல்லாது. எல்லா வரிசைகளுக்கும் பொதுவான, மாறாத ஒரே சரத்தைக் கொண்டு வரிசைப்படுத்தும், அதாவது வரிசைப்படுத்தாமலே விட்டுவிடும். பயனர் நாள்வாரியாகக் கேட்டும் பட்டியல் கலைந்தே வருகிறது என்ற புகாருக்குப் பின்னால் பெரும்பாலும் இது இருக்கும். அந்தப் புகாரைத் தீர்ப்பதற்காக முகவரியில் வந்த சொல்லை வினவலில் நேரே ஒட்டும் அவசரத்தில்தான் ஓட்டை பிறக்கிறது.

சரியான வழி எளிது. முகவரியில் வரும் ‘நாள்’, ‘தலைப்பு’ போன்ற சொற்களைச் சாவியாகவும், உண்மையான புலப் பெயர்களை மதிப்பாகவும் கொண்ட ஒரு நிலையான பட்டியலை நிரலில் வைத்து, அதில் இல்லாத எது வந்தாலும் இயல்பு வரிசைக்குத் திரும்புங்கள். லாராவெல் போன்ற ஃபிரேம்வொர்க்குகளிலும், பெயரில் ‘ரா’ என்று முடியும் செயற்கூறுகள் தம்மிடம் வரும் சரத்தை அப்படியே அனுப்புபவை என்பதால், திட்டம் முழுவதிலும் அந்தச் சொல்லைத் தேடி ஒவ்வொன்றையும் படித்துப் பாருங்கள்.

4. பிணைத்த மதிப்புக்குள் ஒளிந்திருக்கும் சிறு மொழிகள்

இன்ஜெக்‌ஷனை அடைத்துவிட்டோம் என்று நிம்மதியடையும் இடத்தில் பலரும் கவனிக்காதது, தேடலுக்கென்றே உள்ள குறியீட்டு மொழிகள். ‘லைக்’ ஒப்பீட்டில் விழுக்காட்டுக் குறி எந்தத் தொடரையும், அடிக்கோடு எந்த ஓர் எழுத்தையும் குறிக்கும். பயனர் 100% என்று தேடினால் 1000, 1005 எல்லாம் வந்து நிற்கும். அடிக்கோடு உள்ள கோப்புப் பெயரைத் தேடினால் தொடர்பற்றவை வரும். மதிப்பைப் பிணைப்பது இதைத் தடுக்காது, ஏனெனில் இந்தக் குறிகள் கட்டளையின் பகுதி அல்ல, ஒப்பீட்டின் பகுதி. மைஎஸ்கியூஎல்லிலும் போஸ்ட்கிரெஸ்கியூஎல்லிலும் இந்தக் குறிகளின் தனிப் பொருளை நீக்கும் இயல்பான விலக்குக் குறி பின்சாய்வுக்கோடு. இன்னொரு தரவுத்தளமான எஸ்கியூலைட்டில் இயல்பாக எதுவும் இல்லை. பின்சாய்வுக்கோடு பிஎச்பி சரத்திலும் எஸ்கியூஎல் சரத்திலும் ஒவ்வொரு முறை விழுங்கப்படுவதால் குழப்பம் மிகும். ‘எஸ்கேப்’ பகுதியில் வியப்புக்குறியை விலக்குக் குறியாக அறிவித்துவிடுவது தெளிவானது. மதிப்பில் முதலில் விலக்குக் குறியையும், அதன்பின் விழுக்காட்டுக் குறியையும் அடிக்கோட்டையும் முடக்குங்கள். இந்த வரிசை மாறினால், நீங்களே சேர்த்த விலக்குக் குறிகள் மறுபடி முடக்கப்பட்டுத் தேடல் கெடும்.

முழு உரைத் தேடலிலும் இதே கதைதான். மைஎஸ்கியூஎல்லின் பூலியன் முறையில் கூட்டல், கழித்தல், உடுக்குறி, இரட்டை மேற்கோள் ஆகியவற்றுக்குத் தனிப் பொருள் உண்டு. பயனர் தற்செயலாக இரண்டு கூட்டல் குறிகளைத் தட்டினால் மைஎஸ்கியூஎல்லின் சேமிப்பு இயந்திரமான இன்னோடிபி பிழை எழுப்பும். போஸ்ட்கிரெஸ்கியூஎல்லின் ‘டூ_டிஎஸ்குவெரி’ இரண்டு சொற்களுக்கு இடையே இயக்கி இல்லை என்றாலே தொடரியல் பிழை தரும். பதிப்பு 11 முதல் உள்ள ‘வெப்சர்ச்_டூ_டிஎஸ்குவெரி’ பயனர் எதைத் தட்டினாலும் தொடரியல் பிழை எழுப்பாதபடி அமைந்தது; பொதுமக்களுக்கான தேடல் பெட்டிக்கு அதுவே ஏற்றது.

காலி உள்ளீட்டையும் இங்கேயே தீருங்கள். வெற்றுச் சொல்லின் இருபுறமும் விழுக்காட்டுக் குறி சேர்ந்தால், மதிப்புள்ள எல்லா வரிசைகளும் பொருந்திவிடும்.

5. அடைப்புக்குறி இல்லாததால் கசியும் தரவு

தாக்குபவர் எவரும் இல்லாமலே நிகழக்கூடிய தரவுக் கசிவு இது. என் கணிப்பில் தேடல் பக்கங்களில் மிக ஆபத்தானதும் இதுவே. முதலில் வினவலில் ‘நிறுவன எண் இது, மேலும் தலைப்பில் இந்தச் சொல் உள்ளது’ என்ற நிபந்தனை இருக்கிறது. பிறகு உள்ளடக்கத்திலும் தேட வேண்டும் என்ற கோரிக்கை வருகிறது. யாரோ இறுதியில் ‘அல்லது உள்ளடக்கத்தில் இந்தச் சொல் உள்ளது’ என்று சேர்க்கிறார்கள். எஸ்கியூஎல்லில் ‘ஆண்ட்’ (மேலும்) இயக்கி ‘ஆர்’ (அல்லது) இயக்கியைவிட முன்னுரிமை பெறுவதால், நிறுவன எண் நிபந்தனை தலைப்புடன் மட்டும் சேர்ந்துகொள்கிறது. உள்ளடக்கத்தில் அந்தச் சொல் இருக்கும் எல்லா நிறுவனங்களின் ஆவணங்களும் வெளியே வருகின்றன. சோதனைத் தரவில் ஒரே நிறுவனம் இருந்தால் இது கண்ணில் படவே படாது.

‘அல்லது’ நிபந்தனைகள் அனைத்தையும் ஓர் அடைப்புக்குறிக்குள் வைப்பது உடனடித் தீர்வு. ஆனால் ஒவ்வொரு நிரலாளரும் ஒவ்வொரு முறையும் இதை நினைவில் வைத்திருப்பார் என்று எதிர்பார்க்க முடியாது. நிறுவன நிபந்தனையை வினவல் கட்டும் பொது அடுக்கில் ஒரே இடத்தில் வைப்பதும், போஸ்ட்கிரெஸ்கியூஎல்லில் 9.5 முதல் உள்ள வரிசை அளவிலான பாதுகாப்பு விதிகளைப் பயன்படுத்துவதும் நிலையான காப்பு. சோதனையில் குறைந்தது இரண்டு நிறுவனங்களின் தரவை, ஒரே சொல் இரண்டிலும் வருமாறு, வைத்திருங்கள்.

இதன் அருகிலேயே இன்னொரு பொறி இருக்கிறது. மைஎஸ்கியூஎல் ஒரு சரப் புலத்தை எண்ணுடன் ஒப்பிடும்போது சரத்தை எண்ணாக மாற்றுகிறது. எண்ணில் தொடங்காத சரம் சுழியாகிறது. ஆகவே பகிர்வுக் குறியீடு உள்ள சரப் புலத்தைச் சுழி என்ற எண்ணுடன் ஒப்பிட்டால், எழுத்தில் தொடங்கும் எல்லாக் குறியீடுகளும் பொருந்தும். ஜேசன் தரவு வடிவத்தின் வழியாக உள்ளீடு வாங்கும் செயலிகளில் மதிப்பு எண்ணாகவே வந்து சேரக்கூடும் என்பதால், பிணைப்பதற்கு முன் வகையைக் கட்டாயமாகச் சரிபாருங்கள். சரம் எதிர்பார்த்த இடத்தில் அரே வந்தால் ஏற்காமல் திருப்பி அனுப்புங்கள்.

6. கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும், கணினிக்கு வேறான எழுத்துகள்

வினவல் சரி, தரவும் இருக்கிறது, ஆனாலும் தேடல் காலியாக வருகிறது என்றால் எழுத்துகளின் பைட்டுகளைப் பாருங்கள். யூனிகோடில் ‘கொ’ என்பதைக் ககரத்துடன் ஒரே ஒகரக் குறியைச் சேர்த்தும் எழுதலாம். எகரக் குறியையும் கால் குறியையும் அடுத்தடுத்துச் சேர்த்தும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றே. ஆனால் மைஎஸ்கியூஎல்லின் ‘லைக்’ எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுவதால் ஒன்று மற்றதைக் கண்டுகொள்ளாது. சேமிக்கும் உரையையும் தேடும் சொல்லையும் என்எஃப்சி எனப்படும் சீரான யூனிகோடு வடிவத்துக்கு ஒழுங்குபடுத்துவதே தீர்வு. பிஎச்பியில் இன்ட்ல் நீட்சியின் நார்மலைசர் இதைச் செய்யும். ஏற்கெனவே உள்ள தரவை ஒருமுறை மாற்றி எழுத மறக்க வேண்டாம். வேறு பக்கங்களிலிருந்து ஒட்டப்பட்ட உரையில் அகலமற்ற மறைகுறிகள் ஒட்டிக்கொண்டு வருவதும் வழக்கம்.

அட்டவணை, புலம், இணைப்பு மூன்றின் எழுத்துக் குறியாக்கமும் ‘யூடிஎஃப்8எம்பி4’ ஆக இருக்கட்டும். மைஎஸ்கியூஎல்லின் பழைய ‘யூடிஎஃப்8’ ஓர் எழுத்துக்கு மூன்று பைட்டுகள் வரை மட்டுமே ஏற்கும். தமிழ் எழுத்துகள் அதற்குள் அடங்கும், பெரும்பாலான எமோஜிகள் அடங்கா.

7. மெதுவான தேடலும் ஒரு பாதுகாப்புக் குறை

தொடக்கத்திலேயே விழுக்காட்டுக் குறி உள்ள ‘லைக்’ தேடல் தேடலை விரைவாக்கும் சாதாரண பி-ட்ரீ இண்டெக்ஸைப் பயன்படுத்தித் தேட இயலாது. அட்டவணை முழுவதையும் படிக்கும். வினவலுக்கு முன், அதை இயக்கும் திட்டத்தைக் காட்டும் ‘எக்ஸ்பிளெய்ன்’ சேர்த்து ஓட்டி, மைஎஸ்கியூஎல்லில் வகை (டைப்) என்ற நெடுவரிசையில் முழு வாசிப்பைக் குறிக்கும் ‘ஆல்’ என்று வருகிறதா என்று பாருங்கள். ‘எக்ஸ்பிளெய்ன் அனலைஸ்’ வினவலை உண்மையாகவே இயக்கும் என்பதால், போஸ்ட்கிரெஸ்கியூஎல்லில் அழிக்கும் கட்டளைகளுக்கு முன் அதைச் சேர்க்கும்போது எச்சரிக்கை தேவை. சொல்லின் நடுவிலும் தேடத்தான் வேண்டும் என்றால், போஸ்ட்கிரெஸ்கியூஎல்லில் ‘பிஜி_டிரிஜிஎம்’ நீட்சியுடன் ஜின் இண்டெக்ஸ் பொருந்தும். மைஎஸ்கியூஎல்லின் முழு உரை இண்டெக்ஸை எடுத்துக்கொண்டால், இன்னோடிபியில் மூன்று எழுத்துக்குக் குறைந்த சொற்கள் இயல்பாகச் சேர்க்கப்படுவதில்லை என்பதை நினைவில் கொள்ளுங்கள். ‘தேடல் குறுஞ்சொற்களைக் காண்பதில்லை’ என்ற புகார் அங்கிருந்து வரும்.

ஒரே ஆள் பத்துத் தாவல்களில் அனுப்பும் கனமான தேடல் சர்வரை முடக்க முடியும் என்பதால், சொல்லின் நீளத்துக்கும் பக்க அளவுக்கும் உச்சவரம்பு வையுங்கள். மைஎஸ்கியூஎல்லின் உச்ச இயக்க நேர அமைப்பும் போஸ்ட்கிரெஸ்கியூஎல்லின் ஸ்டேட்மென்ட் டைம்அவுட்டும் நீளும் வினவலைத் தாமே நிறுத்தும்.

8. ஓட்டை இருந்தாலும் சேதம் குறைய

தேடல் பக்கம் பயன்படுத்தும் தரவுத்தளக் கணக்குக்குப் படிக்கும் உரிமை மட்டும் போதும். கோப்பு உரிமையை எந்தச் செயலிக் கணக்குக்கும் தராதீர்கள், அது இருந்தால் இன்ஜெக்‌ஷன் வழியாகச் சர்வரின் கோப்புகளையே படிக்கவும் எழுதவும் வழி பிறக்கும். தரவுத்தளப் பிழைச் செய்தியைப் பயனருக்குக் காட்டாமல் லாகில் எழுதி, அதன் குறிப்பு எண்ணை மட்டும் காட்டுங்கள். ‘நீங்கள் தேடியது’ என்று சொல்லைத் திருப்பிக் காட்டும் இடத்தில் எச்டிஎம்எல் குறிகளை முடக்குங்கள்.

9. சோதனையும், ஓட்டை கண்டால் செய்ய வேண்டியதும்

ஒற்றை மேற்கோள்குறி, விழுக்காட்டுக் குறி, அடிக்கோடு, பின்சாய்வுக்கோடு, காலி, வெறும் இடைவெளிகள், எமோஜி, மிக நீண்ட சரம், சரத்துக்குப் பதில் அரே, பட்டியலில் இல்லாத வரிசைப் புலம் ஆகிய ஒவ்வொன்றுக்கும் எதிர்பார்க்கும் முடிவை எழுதி, தானியங்கிச் சோதனையாக வையுங்கள். பிழை தெரியவில்லை என்பதால் ஓட்டை இல்லை என்று ஆகாது: பதில் வர எடுக்கும் நேரத்தை ‘ஸ்லீப்’ செயற்கூறால் நீட்டி, ஆம், இல்லை என்ற விடைகளாக ஒவ்வோர் எழுத்தாகத் தரவை உருவும் முறையும் உண்டு. எஸ்கியூஎல்மேப் போன்ற கருவிகள் இதையும் சோதிக்கும். அவற்றை உங்களுடைய, அல்லது எழுத்துப்பூர்வ அனுமதி பெற்ற அமைப்பின் சோதனைப் பிரதியில் மட்டும் ஓட்டுங்கள்.

பயன்பாட்டில் உள்ள செயலியில் ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டால், அடைப்பதற்கு முன்போ உடனேயோ லாகுகளைப் பிரதியெடுத்துத் தனியே வையுங்கள். அவை சுழற்சியில் அழிந்துபோகும் காலக்கெடு உங்களுக்காகக் காத்திருக்காது. வலைச் சர்வரின் அணுகல் லாகில் தேடல் முகவரியோடு %27 (ஒற்றை மேற்கோள்குறியின் குறியீடு), ‘யூனியன்’, ‘ஸ்லீப்’, ‘இன்ஃபர்மேஷன்_ஸ்கீமா’ ஆகியவை வந்த வரிகளை எடுத்து, பெரிய எழுத்து, சிறிய எழுத்து இரண்டிலும் தேடி, அவற்றுக்கான பதிலின் அளவும் நேரமும் வழக்கத்திலிருந்து விலகுகின்றனவா என்று பாருங்கள். முகவரியில் சேர்க்காமல் கோரிக்கையின் உடலில் அனுப்பும் போஸ்ட் முறையில் வந்த உள்ளீடு அந்த லாகில் பதியாது என்பதால், அங்கே எதுவும் காணப்படாததை ஊடுருவல் நிகழவில்லை என்பதற்குச் சான்றாகக் கொள்ளாமல், அந்தக் கணக்கால் படிக்கக்கூடிய கடவுச்சொல் ஹேஷ்கள், ஏபிஐ சாவிகள், அமர்வு டோக்கன்கள் அனைத்தையும் மாற்றிவிடுங்கள்.